பதம் பண்ணிய சீவாளி

“அண்ணி, பாக்கு கடிக்கிறீங்களா?”

தவில்காரன் கண்ணாயிரம் இப்படிக் கேட்டபோது வேதாவின் வாயில் பாக்கும் இல்லை, வெற்றிலையும் இல்லை. கல்யாண மண்டபத்தில் மேளக்காரர்களுக்கென்று விட்டிருந்த அறையில் உட்கார்ந்து அவள் ஒரு கொட்டாவி விட்டாள், அவ்வளவுதான். காதுக்குச் சற்று முன்னால், தாடை பொருந்துகிற இடத்தில், ‘டக்’கென்று ஒரு சத்தம்.

“இல்லையேப்பா.”

“அப்போ அது இன்னா சத்தம்? நான் தவில் வாரு அறுந்துடுச்சின்னு இல்ல பயந்துட்டேன்?”

“உன் தவிலுக்கு ஒண்ணும் ஆகலை. என் தாடை அது. அது பாட்டுக்குத் தாளம் போடுது.”

“போடட்டும், போடட்டும். இழுக்காம போட்டா சரி.”

கண்ணாயிரம் சிரித்தான். வேதாவும் சிரித்தாள். மூலையில் நாகசுரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தசரதன் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னொரு தரம் வாயைத் திற.”

“எதுக்குங்க? நான் இன்னா கண்காட்சியா?”

“திற வேதா.”

திறந்தாள். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குமேல் திறக்க வரவில்லை. மறுபடியும் ‘டக்’.

“எப்பலேருந்து?”

“ஆடிக்கு முன்னாலேருந்தே. வாசிக்கறப்ப மேல்ஸ்தாயிக்குப் போனா காதுக்குள்ள ஊசி குத்தற மாதிரி இருக்கும். அப்பால தானா போயிடும்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா, வாசிக்காதேம்பீங்க.”

அப்படிச் சொல்லவும் அவனால் முடியாது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து நாகசுரம் வாசிப்பது இந்தப் பக்கத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். திருவண்ணாமலையிலும் சுற்றிலும் ‘ஜோடி நாயனம்’ என்றால் வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள். தேதி கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அந்த அம்மாவும் வராங்க இல்ல?” என்பதுதான். அவன் ஒரு சங்கதியைப் பாதியில் விட்டு மூச்சு எடுப்பான். விட்ட இடத்தில் இவள் எடுத்து முடிப்பாள். கண்சாடை கிடையாது, தலையசைப்பு கிடையாது. கேட்கிறவர்களுக்கு எங்கே கை மாறியது என்று தெரியாது. அவர்களுக்கே சில சமயம் தெரியாது.

அந்தக் கல்யாணம் முடிந்த மறுநாளே தசரதன் அவளை வேங்கிக்காலுக்கு அழைத்துக்கொண்டு போனான். கலெக்டர் ஆபீஸ் வந்தபிறகு அங்கே புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் அறிவுமதி என்கிற பல் டாக்டர் அப்போதுதான் கிளினிக் திறந்திருந்தாள். சின்னப் பெண். ஆனால் விரல் வைத்துப் பார்க்கிறபோது பார்த்துக்கொண்டே இருந்தாள், அவசரப்படவில்லை.

“மெதுவா திறங்கம்மா. மூடுங்க. திரும்பத் திறங்க. இங்க வலிக்குதா?”

“ம்.”

“தலைவலி?”

“காலையில இருக்கும்.”

“தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?”

வேதா புருஷனைப் பார்த்தாள். “கடிப்பா டாக்டர். எலி கொறிக்கிற மாதிரி கேக்கும்,” என்றான் அவன்.

“இத்தினி வருஷமா இதைச் சொல்லவே இல்லையே நீங்க!”

“சொன்னா நீ தூங்க மாட்டே.”

டாக்டர் சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். தாடை மூட்டு நொந்துபோயிருக்கிறது. வெற்றிலை பாக்கை அடியோடு விட வேண்டும். முறுக்கு, சீடை, வேர்க்கடலை எதுவும் தொடக் கூடாது. கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். காலையிலும் மாலையிலும் உப்பு வறுத்து ஒத்தடம். சும்மா இருக்கிறபோது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

“நாயனம்?” என்று கேட்டது தசரதன்தான்.

“விட முடியுமா?”

இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள், முடியாது என்று.

“சரி. வாசிக்கிறதுல எது தாடையை ரொம்பப் படுத்துது? அதைச் சொல்லுங்க.”

“புது சீவாளிங்க டாக்டர்,” என்றான். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். நாணல் தட்டையில் செய்து நூல் சுற்றிய, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஊதுவாய். “வாயில வைக்கிறது இது. புதுசுல கட்டை மாதிரி இருக்கும். உதட்டால அமுக்கி, தாடையால இறுக்கி, ஊதி ஊதித்தான் இதைப் பதத்துக்குக் கொண்டாரணும். பதமாகிட்டா வெண்ணெய் மாதிரி பேசும்.”

“அப்ப பதமானதை மட்டும் வாசிக்கட்டும்.”

“பதமானது சீக்கிரத்துல கிழிஞ்சிடும் டாக்டர். அப்பால திரும்பப் புதுசுதான்.”

“புதுசை இவங்க தொடக் கூடாது. தொட்டா, இன்னைக்கு ரெண்டு விரல் திறக்குது, நாளைக்கு அதுவும் திறக்காது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

பஸ்ஸுக்கு நிற்கிறபோது வேதா சொன்னாள்: “இனிமே நீங்க மட்டும் போய்ட்டு வாங்க.”

“எங்க?”

“கச்சேரிக்குத்தான். வேற எங்க?”

“நான் பாதியில விட்டா யாரு எடுக்கறது?”

“முழுசா நீங்களே வாசிங்க. எல்லாரும் அப்படித்தானே வாசிக்கறாங்க.”

“எல்லாரும் வாசிக்கட்டும்,” என்றான். பஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் சீவாளி வாங்கப் போனவன், திரும்பி வந்ததும் உடனே எதையும் எடுத்துக் காட்டவில்லை. “சரக்கு வர வாரமாகும்,” என்றான். அப்புறம் ஒரு நாள் காலையில் வெளியே போய்விட்டு வந்து ஒரு சீவாளியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“இதை ஊதிப் பாரு.”

“புதுசா? டாக்டர் இன்னா சொன்னாங்க?”

“ஊதிப் பாரேன்.”

உதட்டில் வைத்தாள். வைத்ததுமே தெரிந்துவிட்டது. இறுக்க வேண்டியிருக்கவில்லை. நினைத்ததும் சுரம் வந்து நின்றது. அவள் கண்ணை அகல விரித்தாள்.

“ஏங்க, இது எப்படி?”

“புது ஆளு ஒருத்தன். அவன் கட்ற விதமே வேற. நாணலை ஊற வைக்கறதுல ஏதோ பண்றான். கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்.”

“நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.”

“இருப்பான், இருப்பான்,” என்றான் தசரதன்.

அதற்குப் பிறகு அவளுக்குப் புதுச் சீவாளியின் கஷ்டம் தெரியவில்லை. ஒன்று கிழிந்தால் இன்னொன்று வந்துவிடும், வெண்ணெய் மாதிரி. காலையும் மாலையும் அவனே அடுப்பில் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, தன் கையில் சூடு பார்த்துவிட்டு அவள் காதோரத்தில் வைப்பான். “சூடு ஜாஸ்தியா?” “இல்ல, இன்னும் கொஞ்சம் வைங்க.” வெற்றிலைப் பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டான். “உங்களுக்கென்ன, நீங்க போடுங்க,” என்று அவள் சொன்னதற்கு, “உன் எதிர்ல நான் மட்டும் மென்னுட்டிருந்தா நல்லாவா இருக்கும்?” என்றான். மறு வருஷம் ஆடி வருவதற்குள் அந்த ‘டக்’ நின்றுவிட்டது. மூன்று விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. அறிவுமதி விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “நான் இவ்வளவு எதிர்பார்க்கலைம்மா,” என்றாள்.

வேதாவின் வாய் திறக்கத் திறக்க தசரதனின் வாய் மூடிக்கொண்டு வந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்து வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள்.

முன்னெல்லாம் அவன் இலையில் உட்கார்ந்தால் பேச்சு ஓயாது. இப்போது தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பக்கமாகவே மென்று, சீக்கிரம் எழுந்துவிடுவான். வடை சுட்டு வைத்தால், “பசியில்ல.” தோசை வார்த்தால் குழம்பில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருப்பான். கண்ணாயிரம் வந்து கோமாளித்தனம் பண்ணினால், வாயைத் திறக்காமல் மூக்கால் சிரிப்பான். விடிந்ததும் செங்கம் ரோட்டுப் பக்கம் கிளம்பிவிடுவான். வெயில் ஏறித்தான் திரும்புவான்.

“எங்க போறாரு கண்ணாயிரம், உங்க அண்ணன்?”

“நடக்கறாரு அண்ணி. மலை சுத்தினா உடம்புக்கு நல்லதாம்.”

“தினமுமா?”

“ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரங்க எல்லாம் கண்ணை மூடிக்கினு உக்காந்துகினு கீறாங்க இல்ல, அண்ணனும் அங்க போய் உக்காந்துக்கறாரோ இன்னாவோ. பார்த்துக்கினே இருங்க, ஒரு நாள் காவி கட்டிக்கினு வந்து நிக்கப் போறாரு.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சிரித்த விதம் சரியாக இல்லை. அவளுக்கு அது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மனசு இப்படித்தான் கணக்குப் போட்டது: நான் நோயாளியாகிவிட்டேன். என்னைச் சுமந்துகொண்டு வாசிப்பது அவருக்கு அலுத்துவிட்டது. ஜோடி என்று பெயர் வாங்கியாயிற்று, விடவும் முடியவில்லை. வெளியில் சொல்ல மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் சாப்பிடுகிறபோது, கீழ்பென்னாத்தூர் கல்யாணத்துக்கு என்ன வாசிக்கலாம் என்று அவள் கேட்டாள். அவன் ‘ம்’ என்றான். நலங்குக்கு என்றாள். ‘ம்’. ஊர்வலத்துக்கு? ‘ம்’.

“ஏங்க, என்கூட பேசறதுக்குக்கூட வாய் வலிக்குதா உங்களுக்கு?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஆமா,” என்றான்.

ஒரே ஒரு சொல். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதோடு அவளும் பேச்சை நிறுத்தினாள். அவன் உப்பு வறுத்துக்கொண்டு வந்தால், “எனக்குத்தான் நல்லாயிடுச்சே,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வறுத்த உப்பு ஆறிப்போய்க் கிடந்தது.

கல்யாணத்தன்று அவர்கள் பேச்சில்லாமல்தான் வேனில் ஏறினார்கள். கீழ்பென்னாத்தூரில் வசதியான வேர்க்கடலை விவசாயி ஒருவர் வீட்டுப் பெண் அது. மண்டபம் நிறைய ஜனம். பேச்சில்லாவிட்டாலும் வாசிப்பில் ஒன்றும் தெரியவில்லை. அவன் விட்டான், அவள் எடுத்தாள். இதில் மட்டும் எப்படி இன்னும் பேசிக்கொள்கிறோம் என்று நினைத்தாள்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

ஐயர் விரலை ஆட்டினார். கண்ணாயிரம் தவிலில் இறங்கினான். இரண்டு நாகசுரமும் சேர்ந்து எழுந்தன. தாலி கட்டுகிறபோது ஒரு தும்மல், ஓர் அழுகை, ஒரு கெட்ட சொல் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அந்தச் சத்தம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடக் குனிந்தான். அப்போது வேதாவின் வலப்பக்கத்தில் நாகசுரச் சத்தம் நின்றுபோனது.

அவள் கண்ணைத் திருப்பினாள். தசரதனின் நாகசுரம் மடியில் சாய்ந்து கிடந்தது. அவன் வாய் திறந்திருந்தது. திறந்தது மூடவில்லை. கீழ்த்தாடை முன்னால் தள்ளிக்கொண்டு, ஏதோ கத்துகிறவன் மாதிரி இருந்தான். சத்தம் இல்லை. எச்சில் மட்டும் ஒழுகியது. இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். பார்த்துத் தலையை ஆட்டினான். நிறுத்தாதே.

அவள் நிறுத்தவில்லை. இரண்டு பேர் மூச்சையும் ஒருத்தியாக ஊதினாள். முதல் முடிச்சு. இரண்டாவது. நாத்தனார் மூன்றாவது போட்டாள். அட்சதை விழுந்தது. இரண்டொரு மணி திறந்த அவன் வாய்க்குள்ளும் விழுந்தது. கண்ணாயிரம் வலது கையால் அடித்துக்கொண்டே இடது கையால் தன் தோள் துண்டை உருவி அண்ணன் முகத்தில் போட்டான்.

“நாயனக்காரருக்கு இன்னா ஆச்சி?” என்று முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

“ஒண்ணியும் இல்லம்மா, வேர்த்துடுச்சி, தொடைக்கறாரு! அட்சதை போடுங்க!” என்று கத்தினான் கண்ணாயிரம்.

வேதா வாசித்துக்கொண்டேயிருந்தாள். அவள் தாடை வலிக்கவில்லை. சீவாளி சொன்னபடி கேட்டது. அதுதான் அவளுக்குக் கொடுமையாக இருந்தது.

வேங்கிக்காலில் அறிவுமதி கட்டைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, அவன் கடைவாய்ப் பற்களின்மேல் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினாள். ஒரு சத்தத்தோடு தாடை உள்ளே போனது. தசரதன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தலையைச் சுற்றி முகவாயோடு சேர்த்துக் கட்டுப் போட்டாள்.

“இவங்களை நான் எதைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்? புது சீவாளிதானே? நீங்க என்ன பண்ணீங்க? இந்த மூட்டுல நார் எல்லாம் நைஞ்சி கிடக்கு. ஒரு நாளில் ஆனதில்லை இது.”

“இல்லையே டாக்டர்,” என்றாள் வேதா. “புது ஆளுகிட்ட வாங்கறோம். வெண்ணெய் மாதிரி இருக்கும். அவருக்கும் அதானே?”

தசரதன் கண்ணை மூடிக்கொண்டான்.

வெளியே வேப்பமரத்தடியில் கண்ணாயிரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

“அந்தப் புது சீவாளிக்காரர் பேரு இன்னாப்பா?”

“எந்தச் சீவாளிக்காரர் அண்ணி?”

“மெத்துனு கட்றாராமே, ஒருத்தர்.”

“எல்லாருக்கும் ஒரே ஆள்தான். நம்ம அப்பன் காலத்துலேருந்து வாங்கறவரு.” அவன் தரையைக் கீறினான். “அவரு கட்றது கட்டையாத்தான் இருக்கும்.”

“அப்ப எனக்கு வர்றது?”

“அண்ணன்தான் பதம் பண்றாரு. ஆசிரமம் தாண்டி, புளியந்தோப்பாண்ட ஒரு குளம் கீது இல்ல, அங்க. விடியக்காலையில போய் உக்காந்து ஊதுவாரு. இளகற வரைக்கும் ஊதுவாரு. இளகினது உங்களுக்கு. அது முடிஞ்சா அடுத்த கட்டை. தனக்கும் கட்டைதான் வெச்சிப்பாரு. கச்சேரியிலேயே இன்னொண்ணு பதமாகட்டும்னு.”

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன். போன தையிலயே காதோரம் வீங்கிக்கினு இருந்துச்சி. வேணாம் அண்ணேன்னேன். ‘அவகிட்ட சொன்னே, உன் தவிலைக் கிழிச்சிடுவேன்’னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு அண்ணி. வாயை மூடிக்கினு சிரிச்சாரு.”

வேதாவுக்கு அந்த ‘ஆமா’ இப்போதுதான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். முகவாயிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணி. இப்படி ஒரு கட்டு மனிதர்களுக்கு எப்போது போடுவார்கள் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். பக்கத்து வீட்டு ராஜம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, இன்னா வேதா இது!” என்று வாயில் அடித்துக்கொண்டாள். வேதா ஓடிப்போய்ச் சிவப்புக்கரைத் துண்டை எடுத்து வந்து, அந்தக் கட்டின்மேல் முண்டாசாகச் சுற்றினாள். காதை மறைத்து, தாடையை மறைத்து.

“ஏன் சொல்லலை?” என்றாள்.

பல்லைப் பிரிக்காமல் அவன் சொன்னான்: “சொன்னா, வாசிக்க மாட்டேம்பே.”

“உங்க வாயைக் கெடுத்துக்கிட்டு நான் வாசிக்கணுமா?”

“ரெண்டு வாயில ஒண்ணாவது... நான் கல்லைக் கடிச்சவன், எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நினைச்சேன்.”

“என் தலைமேல கை வையுங்க. இனிமே புது சீவாளி தொட மாட்டேன்னு சொல்லுங்க.”

வைத்தான். சொன்னான்.

டாக்டர் அவனை இனிமேல் ஊதவே கூடாது என்றுவிட்டாள். இன்னொரு முறை தாடை நழுவினால் திரும்பப் பொருத்துவது கஷ்டம். அதனால் அவன் அவள் பக்கத்தில் கைத்தாளத்தோடு உட்கார்ந்தான். வேதா பாதியில் மூச்சு எடுக்கிறபோது அவன் கை தாளத்தை விட்டுத் தானாக எழும். பிறகு ஒன்றுமில்லாமல் இறங்கும். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசிக்கப் பழகினாள். வாசிக்கிற நேரத்தில் அவன் முகத்தில் பழைய களை வந்தது. “நீ வாசிக்கறப்ப எனக்கு வலி தெரியலை வேதா,” என்றான். கல்யாண வீட்டில் இலை முன்னால் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “இன்னைக்கு அந்த மேல்ஸ்தாயி, ஆகா!” என்றான்.

மிச்சமிருந்த பதமான சீவாளிகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன.

“நானே மெதுவா பதம் பண்ணிக்கறேன்,” என்றாள்.

“கூடாது. பத்து மாசத்துல பழைய கதையாயிடும்.”

“வேற யாராவது நாயனக்காரரைப் பண்ணித் தரச் சொன்னா?”

“அடுத்தவன் எச்சில் சீவாளியை நீ வாயில வைப்பியா? வைக்கத்தான் நான் விடுவேனா?”

அந்த வழக்கம் அவளுக்கும் தெரியும். தாலி கட்டினவன் வாயில் பட்டது வேறு. மற்றபடி சீவாளியை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் ஓரம் நைந்துவிட்டது. இது முடிந்தால் முடிந்தது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை சீவாளி டப்பாவைத் திறந்தால் உள்ளே புதிதாக ஒன்று. உதட்டில் வைத்தாள். வெண்ணெய்.

“இது ஏதுங்க?”

“பழசுதான். டப்பா அடியில ஒட்டிக்கிட்டிருந்தது. பார்க்கலையா நீ?”

“இல்லையே.”

“நல்லாப் பார்த்திருக்க மாட்டே.”

மறுநாள் விடிந்ததும் அவன் நடக்கக் கிளம்பினான். கொஞ்சம் விட்டு அவளும் கிளம்பினாள். செங்கம் ரோட்டில் டீக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. வாடகை அறைகளின் மாடியில் வெள்ளைக்காரிகள் துணி உலர்த்தினார்கள். ஆசிரமத்தைத் தாண்டி, புளிய மரங்களைத் தாண்டி, குளத்துக்கு இப்பாலேயே அந்தச் சத்தம் கேட்டது. நாகசுரம் இல்லை. வெறும் சீவாளி. கோழிக்குஞ்சு மிதிபட்ட மாதிரி ஒரு கீச்சு. நின்று, மறுபடி ஒரு கீச்சு.

படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சிவப்புக்கரைத் துண்டை முகவாயோடு சேர்த்து உச்சந்தலையில் இறுக்கித் தானே முடிச்சுப் போட்டிருந்தான், தாடை நழுவாமலிருக்க. எந்தக் கட்டை மறைக்க அவள் முண்டாசு சுற்றினாளோ, அந்தக் கட்டு. அந்தக் கட்டோடு, உதட்டில் சீவாளி. இடது கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு ஊதுவான், நிறுத்திக் குனிவான், தோள் குலுங்கும், மறுபடி நிமிர்வான்.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அழுது, சத்தியம் வாங்கி என்ன? சத்தியம் ஏற்கெனவே வாங்கியிருந்தாளே. இவள் வாயில் நாகசுரம் இருக்கிறவரை அவன் கையில் புதுச் சீவாளி இருக்கும். தாடை கழன்று கீழே விழுந்தாலும் இருக்கும். வந்த வழியே திரும்பினாள். வழியெல்லாம் ஒரு பொய்யைச் சொல்ல மனசைத் தைரியப்படுத்திக்கொண்டு வந்தாள்.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சுவரோரம் உட்கார்ந்து காதோரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா வேதா?”

“திரும்ப வந்துடுச்சிங்க.”

“எது?”

“வலி.”

“எப்பலேருந்து?”

“அது போகவே இல்லங்க. உங்க மனசு நோகும்னு சொல்லலை.”

“சத்தம் நின்னுடுச்சே. டாக்டரே சொன்னாங்களே.”

“வெளிய கேக்கலை. உள்ள இருக்குது. இப்ப ஜாஸ்தியாயிடுச்சி. இனிமே என்னால ஆகாது.”

அவன் மெல்ல எதிரில் உட்கார்ந்தான்.

“அப்போ... அந்தச் சீவாளியெல்லாம்?”

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “ஒண்ணும் உதவலைங்க.”

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் கையை எடுத்துவிட்டான். “வா, டாக்டர்கிட்ட போகலாம்,” என்றான்.

அறிவுமதி வேதாவின் காதுக்கு முன்னால் விரலை வைத்தாள். “திறங்க. மூடுங்க.” மறுபடி வைத்தாள். அவள் புருவம் சுருங்கியது. பேச வாயெடுத்தவள் வேதாவின் கண்ணைப் பார்த்தாள். வேதா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்குதா டாக்டர்? உள்ள சத்தம் இருக்குதா?” என்றான் தசரதன் பல்லிடுக்கில்.

டாக்டர் கையைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டியபடி சொன்னாள்: “இருக்குங்க. இனிமே இவங்க வாசிக்கக் கூடாது.”

இரண்டு நாகசுரத்தையும் ஒரே உறையில் போட்டுக் கட்டி, பரண்மேல் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தேதி கேட்டு வந்தவர்களிடம் வேதாதான் சொல்லி அனுப்பினாள். கொஞ்ச காலத்தில் யாரும் வரவில்லை. பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பூஜை சாமான் கடை வைத்தார்கள். மேளச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.

கண்ணாயிரம் வேறு செட்டில் சேர்ந்துவிட்டான். ஒரு கார்த்திகைக்கு வந்தவன், தசரதன் உள்ளே போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணி, போன வாரம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுல உங்களைப் பார்த்தேன். வறுத்த கடலையை ஓட்டோட கடிச்சி உடைச்சிக்கினு இருந்தீங்க.”

வேதா உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“டக்கு டக்குனு உடைச்சீங்க. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? அது கடலை சத்தம்தான்.”

“சொல்லிடாதே கண்ணாயிரம்.”

“அப்ப இவரு சொல்லாதேன்னாரு. இப்ப நீங்களா?” அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

உள்ளேயிருந்து உப்பு வறுபடுகிற வாசனை வந்தது. தசரதன் மூட்டையை முடிந்துகொண்டு வந்தான். எத்தனையோ வருஷமாகக் காலையும் மாலையும் தவறவிட்டதில்லை. முதலில் தன் கையில் சூடு பார்த்தான். அவன் தாடை கோணிக்கொண்டு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தனக்கு அவன் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. வேதாவின் வலியில்லாத காதோரத்தில் மூட்டையை மெல்ல ஒற்றினான்.

அவள் முகத்தைச் சுளித்தாள்.

“வலிக்குதா?”

“வலிக்குதுங்க.”

“சூடு ஜாஸ்தியா?”

“இல்ல. இன்னும் கொஞ்சம் வைங்க.”